இரவு ஒரு மணிக்கு ஓடும் தண்ணீர்

பர்லியார்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. தாமதத்துக்குக் காரணம் யானை. எங்கள் பக்கம் பலா பழுத்துவிட்டால் அவை கல்லாறு காட்டிலிருந்து மேலேறி வரும். இந்த முறை வந்தவை, எங்கள் வீட்டுக்கு மேலே உள்ள ஊற்றிலிருந்து இறங்கும் கறுப்பு ஓஸ் பைப்பை மூன்று இடத்தில் மிதித்து உடைத்துவிட்டுப் போய்விட்டன. எங்கே உடைந்தது என்று புதருக்குள் தேடித் தேடி ஒட்டுவதிலேயே நாள் போயிற்று. நீங்கள் கேட்டிருப்பதோ தண்ணீரைப் பற்றி. வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லாதபோது உட்கார்ந்து அதற்குப் பதில் எழுத மனம் வரவில்லை.

குன்னூருக்கு மேலே சரிவில் கட்டிய கல்லூரி, ஆறு தொட்டி, இரண்டு விடுதி, கோடை வந்தால் லாரித் தண்ணீர் என்று நிலைமையை விவரமாக எழுதியிருந்தீர்கள். எல்லாத் தொட்டியிலும் சென்சார் மாட்டி, முதல்வர் அறையில் ஒரு பெரிய திரையில் பார்ப்பதாகத் திட்டம் வந்திருக்கிறது, இது உருப்படுமா, இல்லை திறப்பு விழாவோடு முடிந்துவிடுமா என்பது உங்கள் கேள்வி.

உருப்படும் என்றே சொல்கிறேன். ஆனால் பகலில் யாரும் அந்தத் திரையைப் பார்க்கப் போவதில்லை. அதன் பயன் முழுக்க இரவு ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த நீளமான கடிதம்.

முதலில், இதைச் செய்து பார்த்தவர்கள் கதை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் தன் வளாகத்தையே ஆய்வுக்களமாக எடுத்துக்கொண்டது. யோகேஷ் சிம்மன் உள்ளிட்டோர் 2018-ல் அதைப் பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இரண்டு எண்கள் வரும். வளாகத்தில் புழங்குபவர்கள் ஏறக்குறைய 10,000 பேர். செலவாகும் தண்ணீர் நாளுக்குச் சராசரியாக 40 லட்சம் லிட்டர். வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு 400 லிட்டர். விடுதியில் தங்கும் ஒருவருக்கு இந்தியத் தரநிலை ஒதுக்குவது 135 லிட்டர்தான். மீதியெல்லாம் வீண் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வகம் குடிக்கும், தோட்டம் குடிக்கும், குளிரூட்டும் இயந்திரம் குடிக்கும், வீடுகள் குடிக்கும். எது எவ்வளவு குடிக்கிறது, எவ்வளவு யாருமே குடிக்காமல் மண்ணுக்குள் போகிறது என்று பிரித்துச் சொல்ல அளவை வேண்டும். அவர்கள் தொடங்கியது அங்கிருந்துதான்.

செய்தது இதுதான். தொட்டியின் மூடியில் ஒலியால் நீர்மட்டம் அளக்கும் கருவி. அது சொல்வதை ரேடியோவில் அனுப்பும் சின்னப் பெட்டி. நடுவில் கட்டடமோ மரமோ மறைத்தால் செய்தியை வாங்கிக் கை மாற்றிவிடும் ரிலே பெட்டிகள். வெயிலில் சார்ஜ் ஏற சோலார் தகடு. எல்லாம் ஓரிடத்தில் சேர்ந்து, தொட்டி வழியப்போகிறதா, வறளப்போகிறதா என்று எச்சரிக்கும் மென்பொருள்.

பெங்களூருக்கு அந்த அக்கறை வந்ததில் வியப்பில்லை. அந்த ஊருக்குக் காவிரி ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, 500 மீட்டர் மேட்டில் ஏற்றப்பட்டு வருகிறது. ஆயிரம் லிட்டரை 500 மீட்டர் தூக்க, இழப்பே இல்லாத பம்பு ஒன்று இருந்தால்கூட, 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். எங்கள் பர்லியார் ஓடை தானாக இறங்கிப் பவானியில் சேர்ந்து, பவானி கூடுதுறையில் காவிரியைத் தொடுகிறது. அதே காவிரிக்கு மேலே ஓரிடத்தில் கரண்ட் செலவழித்து மலையேறும் வேலை. 2024 மார்ச்சில் அந்த நகரம் குடத்தோடு வரிசையில் நின்றதை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

ஹைதராபாத் ஐஐஐடி வளாகத்தில் செய்த இன்னொரு வேலை உங்கள் கல்லூரிக்கு நேராகப் பயன்படும். பழைய முள் மீட்டர்களைக் கழற்றி எறியாமல், அவற்றின் மேல் ஒரு சின்னக் கேமராவை மாட்டினார்கள். கேமரா மீட்டரைப் படம் பிடிக்கும். மென்பொருள் அந்தப் படத்திலிருந்து எண்ணைப் படிக்கும். குழாயை வெட்ட வேண்டாம், தண்ணீரை நிறுத்த வேண்டாம். உங்கள் விடுதிகளில் ஏற்கெனவே மீட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தூசி படிந்து எங்காவது படிக்கட்டுக்கு அடியில் இருக்கும்.

இனி நம் மலைக்கு வருவோம். சமவெளியில் வேலை செய்யும் கருவி இங்கே மூன்று இடத்தில் பொய் சொல்லும். திட்டம் கொண்டுவருபவர்களிடம் இந்த மூன்றையும் கேளுங்கள்.

ஒன்று, குளிர். ஒலிக் கருவி நீரின் மேல் ஒரு ஒலியை எறிந்து, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. காற்று குளிர்ந்தால் ஒலி மெதுவாகப் போகும். 25 டிகிரியில் நொடிக்கு 346 மீட்டர் போகும் ஒலி, 5 டிகிரியில் 334 மீட்டர்தான் போகும். கருவிக்கும் நீருக்கும் இரண்டு மீட்டர் இடைவெளி இருந்தால், வெப்பநிலையைக் கணக்கில் எடுக்காத கருவி ஏழு சென்டிமீட்டர் தவறு செய்யும். எந்தப் பக்கம் தவறு என்பதுதான் முக்கியம். எதிரொலி தாமதமாக வருவதால், தண்ணீர் கீழே இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். மூன்று மீட்டர் குறுக்களவுள்ள தொட்டியில் ஏழு சென்டிமீட்டர் என்றால் ஏறக்குறைய 500 லிட்டர். தொட்டிக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்று அளவுக்குக் குளிராது. பிழையும் அவ்வளவு பெரிதாக இருக்காது. இருந்தாலும், பனி விழும் ஜனவரி இரவில் ஒரு சொட்டுக்கூடக் கசியாத தொட்டி கசிவதாக ஃபோன் அடிக்கும். நான்கு முறை பொய்யாக அடித்தால் ஐந்தாவது முறை யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். ஆகவே, வெப்பநிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்ளும் கருவியா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் தொட்டியின் அடியில் நீரின் அழுத்தத்தை அளக்கும் வகையைக் கேளுங்கள். அதற்குக் காற்றின் குளிர் பொருட்டில்லை, மூடியில் கோர்க்கும் பனித்துளியும் பொருட்டில்லை.

இரண்டு, குருட்டு இடைவெளி. இதை அனுபவித்தே கற்றேன். போன வருடம் நானும் ஆசைப்பட்டு, ஒரு மலிவான ஒலிக் கருவியை வாங்கி வீட்டுத் தொட்டியின் மூடியில் மாட்டினேன். தொட்டி நிரம்பினால் ஃபோன் அடிக்க வேண்டும். தொட்டி நிரம்பி வழிந்து, வாசல் வரை ஓடி, பக்கத்து வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டிச் சொன்ன பிறகும் ஃபோன் வாயைத் திறக்கவில்லை. காரணம் பிறகு புரிந்தது. இந்த வகைக் கருவிகளுக்கு முகத்துக்கு முன்னே இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் வரை கண் தெரியாது. எந்த நேரத்தில் அது கத்த வேண்டுமோ, சரியாக அந்த நேரத்தில் குருடாகிவிடும். மூடிக்கு மேலே ஓர் அடி உயரத்துக்குத் தாங்கி வைத்து மாட்டியபின் சரியானது. சரியான மறு வாரம் குரங்கு வந்து சோலார் தகட்டைப் பிடுங்கி, பலாமரத்தில் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்தது. உங்கள் ஒப்பந்தத்தில் குரங்குக்கும் ஒரு பிரிவு சேர்த்துக்கொள்ளுங்கள், சிரிப்புக்குச் சொல்லவில்லை.

மூன்று, சிக்னல். இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கும் 865–868 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இந்தக் கருவிகள் பெரும்பாலும் பேசும். திறந்த வெளியில் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஆனால் நடுவில் ஒரு மேடு வந்தால் நின்றுவிடும். விடுதி ஒரு மடிப்பிலும் அலுவலகம் அடுத்த மடிப்பிலும் இருந்தால், மேட்டின் தலையில் ஒரு ரிலே பெட்டி நிச்சயம் வேண்டும். குன்னூர்ப் பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். பத்து நாள் சேர்ந்தாற்போல் சூரியனைப் பார்க்காத காலமும் அதுதான். அந்தப் பத்து நாளுக்குப் பேட்டரி தாங்குமா என்று கேளுங்கள். பெங்களூரு வெயில் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம்.

இனி இரவு ஒரு மணிக்கு வருகிறேன்.

உலகம் முழுக்கக் குடிநீர்ப் பொறியாளர்கள் கசிவைப் பிடிக்கக் கையாளும் வழி மிக எளியது. எல்லோரும் தூங்கும் நேரத்தில் குழாயில் என்ன ஓடுகிறது என்று பார்ப்பார்கள். பகலில் குளியல், துவையல், சமையல் என்று ஆயிரம் காரணத்துக்குத் தண்ணீர் ஓடும். கசிவு அந்தக் கூட்டத்தில் மறைந்துகொள்ளும். இரவு இரண்டு மணிக்கு அது தனியாக மாட்டும்.

உங்கள் மேல்தொட்டி மூன்று மீட்டர் குறுக்களவு என்று எழுதியிருந்தீர்கள். அதில் மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 70 லிட்டர் போயிருக்கிறது. ஒரு மணியிலிருந்து நான்கு மணிக்குள் 12 சென்டிமீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். 850 லிட்டர். அதே வேகத்தில் ஒரு நாளுக்கு 6,800 லிட்டர். தரநிலைப்படி 50 மாணவர்களின் ஒரு நாள் தண்ணீர் அது. பகலில் எல்லாக் குழாயும் திறந்திருக்கும்போது அழுத்தம் குறைந்து கசிவும் சற்றுக் குறையும். ஆகவே 6,800 என்பதை மேல்வரம்பு என்று கொள்ளுங்கள். பாதி என்றாலும் 25 பேருக்கான தண்ணீர்.

பரீட்சைக்குக் கண்விழிக்கும் பிள்ளைகள் இரவிலும் கழிப்பறைக்குப் போவார்களே என்று கேட்பீர்கள். போவார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து கோடு போட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மனிதர்கள் செலவழித்தால் கோடு படிக்கட்டு மாதிரி இறங்கும்: ஒரு படி, ஓய்வு, இன்னொரு படி. கசிவு என்றால் ஸ்கேல் வைத்து இழுத்தது போல நேராக இறங்கும். கசிவு தூங்குவதில்லை.

மலையில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. சமவெளியில் மோட்டாரை நிறுத்தினால் தொட்டிக்குத் தண்ணீர் வராது. நமக்கு ஊற்றுத் தண்ணீர் இரவெல்லாம் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். வரவும் கசிவும் சமமாக இருந்தால் மட்டம் அசையாது. தொட்டி நலமாக இருப்பதாகத் திரை சொல்லும். எனவே தொட்டியின் மட்டம் மட்டும் போதாது. வரும் குழாயிலும் போகும் குழாயிலும் ஒவ்வொரு மீட்டர் வேண்டும். காசில்லை என்றால், அந்த மூன்று மணி நேரம் மட்டும் வரத்து வால்வை மூடிவிட்டு மட்டத்தைப் பாருங்கள். ஆறு தொட்டிக்கும் சென்சார் வாங்குவதைவிட, ஒரு தொட்டிக்கு வரவு, இருப்பு, செலவு மூன்றையும் அளப்பது மேல். வரவு தெரியாமல் இருப்பை மட்டும் பார்த்துக் குடும்பம் நடத்த முடியுமா?

சரி, கசிவு தெரிந்துவிட்டது. பிறகு?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான திட்டங்கள் படுத்துக்கொள்கின்றன. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018-ல் குழாயே வறண்டுபோகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தபோது, ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தினஸ் பூய்சன் என்ற பொறியாளரும் அவர் கூட்டாளிகளும் பள்ளிக்கூடங்களில் இந்த மாதிரி மீட்டர்களை மாட்டினார்கள். இரவு ஓட்டத்தைப் பார்த்தார்கள். கூடவே பிளம்பரையும் அனுப்பினார்கள். அதுதான் சூட்சுமம். பெரிய பைப்லைன் எதையும் மாற்றவில்லை. ஒழுகும் கழிப்பறைத் தொட்டி, தேய்ந்த வாஷர், மூடாத குழாய் என்று சில்லறை வேலைகள். இரவு ஓட்டம் இறங்கியது. மீட்டர் இடத்தைக் காட்டியது, ஸ்பேனர் பிடித்த கை அதை அடைத்தது.

உங்கள் கல்லூரியில் அந்தக் கை யாருடையது? டேங்க் ஆபரேட்டர் ஒரு அண்ணன் இருப்பார். எந்தக் கேட் வால்வை எத்தனை சுற்று திருப்பினால் எந்த விடுதிக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் போகும் என்பது அவர் மண்டைக்குள் இருக்கிறது. அவர் லீவு போட்டால் அன்றைக்கு வளாகமே தவிக்கிறது. அவரைக் கூப்பிடாமலே இந்தத் திட்டத்தைப் பேசியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் நடக்கிறது. அவரை மாற்றவே சென்சார் வருகிறது என்று அவர் நினைத்துவிட்டால் திட்டம் அன்றோடு முடிந்தது. எந்த இணைப்பை எப்போது பிடுங்கினால் யாருக்கும் தெரியாது என்பதும் அவருக்குத்தான் தெரியும். மேசையில் முதல் நாற்காலியை அவருக்குப் போடுங்கள். எந்தத் தொட்டியில் முதலில் மாட்டுவது என்று அவரிடம் கேளுங்கள். ஃபோனில் வரும் எச்சரிக்கை அவருக்கும், பழுதுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரமுள்ள ஒருவருக்கும் சேர்ந்து போகட்டும். முப்பது ரூபாய் வாஷர் வாங்க மூன்று கையெழுத்து வேண்டும் என்ற நிலை இருந்தால், உலகத்தின் சிறந்த சென்சாரும் கசிவை வேடிக்கைதான் பார்க்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அளவை கட்டடத்தோடு நிற்கட்டும். அறை அறையாக, குளியலறை குளியலறையாக மீட்டர் வைத்து, எந்தப் பெண் எத்தனை மணிக்குக் குளித்தாள் என்று தெரிந்துகொள்ளும் அளவுக்குப் போகவேண்டாம். கசிவைத் தேட அவ்வளவு தேவையும் இல்லை.

இத்தனை வற்புறுத்துவதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. சமவெளியில் கசிவு என்பது நஷ்டம். சரிவில் அது ஆபத்தும்கூட. மண்ணுக்குள் நீர் நிறைய நிறைய, மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் பிடி தளரும். 1993 நவம்பரில் எங்களுக்கு அருகே மரப்பாலத்தில் மலை சரிந்து சாலையைப் பெயர்த்துக்கொண்டு போனது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டமெங்கும் நடந்த சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவை மழையின் வேலை. ஆனால் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும் சரிவில், விடுதிக்கு மேலே ஒரு தொட்டி இரவெல்லாம் வழிந்துகொண்டிருந்தால், மழையின் வேலையை நாம் பாதி செய்து கொடுக்கிறோம். நம் கோயம்புத்தூர் எட்டிமடையில் தலைமையிடம் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகம் மூணாறில் ஒரு சரிவுக்குள் சென்சார்களைப் புதைத்து, மண்ணுக்குள் நீரின் அழுத்தம் ஏறுவதைக் கம்பியில்லாமல் பார்த்து எச்சரிக்கும் அமைப்பை நிறுவியிருக்கிறது. தொட்டிக்குள் இருக்கும் தண்ணீரையும் மண்ணுக்குள் இருக்கும் தண்ணீரையும் சேர்த்துப் பார்ப்பதுதான் மலைக் கல்லூரிக்கு அழகு. ஐப்பசி பிறந்ததும் தொட்டிகளை முழுக்க நிரப்பாமல், மட்டத்தை ஓர் அடி தாழ்த்தி வையுங்கள். அதற்கு எந்த மென்பொருளும் வேண்டாம்.

இங்கே பர்லியாரில் 1871 முதல் அரசுத் தோட்டம் ஒன்று இருக்கிறது. மங்குஸ்தான், துரியன், ஜாதிக்காய், கிராம்பு என்று மலையடிவார ஈரத்தை நம்பி வாழும் மரங்கள். மங்குஸ்தானுக்கு மண் காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. அங்கே வேலை செய்யும் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டை நின்றால் தண்ணீர் வேண்டாம். சென்சார் செய்வதும் அதே வேலைதான். ஒரே வித்தியாசம், அவர்கள் அளந்த கையாலேயே வாய்க்காலையும் வெட்டிவிடுவார்கள். உங்கள் திட்டத்தில் அளப்பது ஒருவர், வெட்டிவிடுவது வேறொருவர். அந்த இருவரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விலைப்புள்ளி கேட்பதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். அதை மேல்தொட்டியின் அடிக்குழாயில் இணைத்து, வெளிச்சுவரில் நிமிர்த்திக் கட்டி, பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டுங்கள். உள்ளே இருக்கும் மட்டம் வெளியே தெரியும். வரும் வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கு வரத்து வால்வை மூடிவிட்டு, ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் டேங்க் ஆபரேட்டர் அண்ணனையும் கூட்டிக்கொண்டு, டார்ச்சோடு போய்ப் பாருங்கள். தனியாகப் போக வேண்டாம். குன்னூர்ச் சரிவில் கரடியும் காட்டெருமையும் உலாவும் நேரம் அது.

எத்தனை சென்டிமீட்டர் இறங்கியது என்று எனக்கு எழுதுங்கள். சென்சார் வேண்டுமா, முதலில் பிளம்பர் வேண்டுமா என்பதை அந்த எண்ணை வைத்துப் பேசுவோம்.

அன்புடன்,
உங்கள் பர்லியார் நண்பன்